ஓர் இரவு இருக்கை

காஞ்சியின் தென்பால், பாலாறு செல்லும் பக்கமாக, ஓரிக்கை என்று ஓர் ஊர் உண்டு. மாநகராட்சியின் எல்லைக்குள் இன்று அது அடங்கிவிட்டது. எனினும் தறியொலி கேட்கும் தெருக்கள் அங்கே இன்னும் உள்ளன. அவ்வூருக்கு அப்பெயர் வந்த வகையை வைணவப் பெரியோர் ஒரு கதையாகச் சொல்லுவர். புராணங்களை நாம் எந்த அளவுக்கு நம்புகிறவர்கள் என்பதைத் தோழர்கள் அறிவர். ஆயினும் கதை கட்டியவன் தன்னை அறியாமலே சில உண்மைகளைக் கதைக்குள் சிந்திவிட்டுப் போவதுண்டு. அவற்றைப் பொறுக்கியெடுப்பது வரலாறு கற்பவனின் வேலை.

கதை இது: திருமழிசை ஆழ்வாரின் சீடர் கணிகண்ணன். கோயிலைக் கூட்டிப் பெருக்கி வந்த கிழவி ஒருத்தி ஆழ்வாரின் அருளால் குமரியானாள். அவளைப் பல்லவ மன்னன் மணந்தான். அவள் இளமையோடிருக்க, மன்னனுக்கோ நரை வளர்ந்தது. தன்னையும் இளைஞனாக்கிப் பாடுமாறு ஆழ்வாரிடம் சொல்லச் சொன்னான், கணிகண்ணன் மறுத்தார். நாடு கடத்தினான் மன்னன். சீடர் கிளம்ப, ஆழ்வாரும் கிளம்பினார். திருவெஃகாவில் பள்ளிகொண்டிருந்த பெருமாளை நோக்கி, உன் பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு நீயும் கிளம்பு என்றாராம். அவரும் கிளம்பினாராம்! அன்றிரவு மூவரும் தங்கிய இடமே ஓர் இரவு இருக்கை. அது தேய்ந்து ஓரிக்கையாயிற்று என்பர். காஞ்சியை இருள் கவ்வ, மன்னன் ஓடிவந்து மன்னிப்புக் கேட்க, மூவரும் திரும்பினர் என்று கதை முடிகிறது.

(காஞ்சி ஈன்ற அறிஞர் அண்ணாவும் ஒரே இரவில் நிகழும் கதையொன்றை நாடகமாக்கி, 'ஓர் இரவு' என்றே பெயரிட்டார், 1951-இல் அது திரைப்படமாகவும் வந்தது. இரவுக்கும் காஞ்சிக்கும் ஏதோ பொருத்தம் போலும்!)

அதே திருமழிசையாரைப் பற்றி அதே வைணவ நூல்கள் சொல்லும் மற்றொரு கதையும் உண்டு. இதுவே நமக்கு முதன்மையானது. அவர் பிரம்பறுக்கும் குடியில் வளர்ந்தவர் என்பது வழக்கு. பெரும்புலியூரில் ஒரு வீட்டுத் திண்ணையில் அவர் அமர்ந்திருக்க, வேதம் ஓதிக்கொண்டிருந்த வேதியர் அவரைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டனர். அவர் செவியில் வேதம் விழலாகாதாம். அவர் எழுந்து விலகியபின் ஓதத் தொடங்கினால், விட்ட இடம் எவருக்கும் நினைவில்லை! அவரே ஒரு கருநெல்லை நகத்தால் பிளந்து காட்டி, விட்ட இடத்தைக் குறிப்பால் உணர்த்தினாராம்.

அற்புதத்தை ஒதுக்கிவிடுவோம், எஞ்சுவதைப் பார்ப்போம். தான் சொன்னால் கடவுளே பாயைச் சுருட்டும் என்று போற்றப்பட்ட மனிதர்க்கு, ஒரு வீட்டுத் திண்ணையில் நிம்மதியாக அமர இடமில்லை. திண்ணை யாருக்கு, நடை யாருக்கு, கூடம் யாருக்கு, இரவு வந்தால் தலைசாய்க்க உரிமை யாருக்கு? தமிழகத்தின் பழைய கட்டடம் ஒவ்வொன்றிலும் இந்தக் கணக்கு எழுதப்பட்டிருந்தது. கல்லில் அன்று, காலடியில்.

இதை இப்பொழுது பேசுவானேன் என்று தோழர்கள் கேட்கலாம். காரணம் உண்டு. பழைய மாளிகைகளையும் அக்கிரகார வீடுகளையும் வெள்ளையர் கட்டிய பங்களாக்களையும் பழுதுபார்த்து, சுண்ணாம்பு பூசி, தேக்குக் கதவுக்கு எண்ணெயிட்டு, சிறு விடுதிகளாக்கும் தொழில் நம் நாட்டில் செழித்து வருகிறது. காரைக்குடிப் பக்கம், தஞ்சை, தரங்கம்பாடி, புதுவை என்று எங்கு நோக்கினும் இத்தகைய விடுதிகள். பத்துப் பன்னிரண்டு அறைகளே இருக்கும். நாற்புறமும் தாழ்வாரம் ஓடும் முற்றம், நடுவே ஒரு குத்துவிளக்கு, வாழையிலையில் விருந்து. ஓர் இரவு இருக்கைக்கு வாங்கும் தொகையோ, ஓரிக்கையில் தறியில் அமரும் ஒருவரின் பல நாள் கூலி. வந்து தங்குவோர்க்கு 'வரலாறு' என்ற பெயரில் ஒரு பண்டம் பரிமாறப்படுகிறது. அந்தப் பண்டத்தில் என்ன இருக்கிறது, என்ன எடுக்கப்பட்டுவிட்டது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

பழைய கட்டடத்தைப் புதிய பயனுக்குத் திருப்புவது தமிழனுக்குப் புதிதன்று. மணிமேகலைக் காப்பியத்தைப் புரட்டிப் பாருங்கள். புகார் நகரில் 'உலகவறவி' என்றொரு பொது அம்பலம். காணார், கேளார், கால் முடமானோர், பேணுவார் அற்றோர் என யாவரும் வந்து தங்கும் இடம். அமுதசுரபியோடு மணிமேகலை சென்று நின்றது அங்கேதான். பின்னர்ச் சோழ மன்னன் உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டபோது, பொன்னையோ மணியையோ அவள் கேட்கவில்லை. சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கித் தருக என்றாள். விலங்கொலி கேட்ட கட்டடத்தில் உணவும் மருந்தும் கிடைத்தன. கட்டடப் புதுப்பிப்பு என்று இன்று பட்டம் வாங்கியோர் பேசுவதை, அன்றே ஒரு பெண் கேட்டாள். கேட்டது தனக்காக அன்று என்பது ஒன்றே வேறுபாடு.

அவளது கதை காஞ்சியில்தான் முடிகிறது. பஞ்சம் வாட்டிய காஞ்சிக்கு வந்து, எல்லா வகை மக்களையும் ஓரிடத்தில் கூட்டி உணவளித்தாள் என்கிறது காப்பியம். காப்பியம் கற்பனையே. ஆனால் அக்கற்பனைக்கு அடியில் நின்ற காஞ்சி கற்பனையன்று. ஏறத்தாழ 640-இல் காஞ்சிப் பகுதிக்கு வந்த சீனப் பயணி யுவான் சுவாங், திராவிட நாட்டில் நூற்றுக்கு மேற்பட்ட சங்காராமங்களையும் பதினாயிரம் துறவிகளையும் குறித்து வைத்தார். வழி நடந்து வந்தவனுக்குத் தங்க இடமும் கற்க ஏடும் ஒரே கூரையின்கீழ்க் கிடைத்த காலம் அது. அவ்விகாரங்கள் எங்கே? இடிந்தவை எத்தனை, வேறு உருக்கொண்டவை எத்தனை? காஞ்சியின் தெருக்களில் கிடைத்த புத்தர் சிலைகளைக் கேட்டால் அவை சிரித்துக்கொண்டே இருக்கும்; விடை சொல்லா.

பிற்காலத்தில் அறத்தின் பெயரால் எழுந்தவை சத்திரங்கள். மதுரையில் நாயக்க அரசி மங்கம்மாளின் பெயர் தாங்கிய சத்திரம், புகைவண்டி நிலையத்துக்கு எதிரே இன்றும் நிற்கிறது. தஞ்சை மராட்டியர் இராமேசுவரச் சாலை நெடுகச் சத்திரங்கள் கட்டினர்; ஒரத்தநாட்டு முத்தம்பாள் சத்திரம் அவற்றுள் பெரும்புகழ் பெற்றது. சரபோசி மன்னர் 1801-இல் ஆங்கிலேய ரெசிடென்டுக்கு எழுதிய கடிதம் ஒன்றில், தம் சத்திரங்களில் எல்லாச் சாதியினர்க்கும் எல்லாச் சமயத்தார்க்கும் உணவு உண்டு என்றும், நோயுற்றார்க்கு மருத்துவர், குழந்தைகளுக்குப் பால், இறந்தார்க்கு அவரவர் வழக்கப்படி ஈமக்கடன் என்றும் விரித்துரைக்கிறார். நல்ல செயலை நல்லதென்று சொல்ல நமக்குத் தயக்கம் இல்லை. ஆனால் அக்கடிதத்திலேயே, ஆக்கிய சோற்றை ஏற்பவர் ஒருபுறம், அதை ஏற்காது அரிசியும் பருப்பும் பெற்றுத் தாமே சமைப்பவர் ஒருபுறம் என்ற பிரிவு இருக்கிறதே! பிறர் ஆக்கிய சோறு தீட்டாக இருந்தது. உணவு எல்லார்க்கும், பந்தி எல்லார்க்கும் பொது அன்று. ஒரு சாதிக்கே உரிய சத்திரங்களும் நாடெங்கும் இருந்தன. அவற்றின் வாயிலில் நின்ற தூண்களைத் தடவிப் பார்த்து வியக்கும் இற்றை நாள் பயணி, தன் பாட்டன் அத்தூணருகே நிற்க முடிந்திருக்குமா என்று ஒருகணம் எண்ணிப் பார்ப்பது நலம்.

அவ்வெண்ணம் வராதோர் அண்ணல் அம்பேத்கர் தம் வாழ்வைப் பற்றி எழுதிவைத்த குறிப்புகளைப் படிக்கட்டும். அமெரிக்காவில் கொலம்பியாப் பல்கலைக்கழகத்திலும் இலண்டனிலும் பயின்று, 1917-இல் பரோடா சமஸ்தானத்தில் பணியேற்க வந்தவர் அவர். பெரும்படிப்புப் படித்தவர்க்கு அந்நகரில் ஓர் இரவு இருக்கை கிடைக்கவில்லை. இந்துக்களின் விடுதிகள் அவருக்குத் திறவா. பாரசீகர் விடுதி ஒன்றில், பாரசீகப் பெயரைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டு தங்கினார். மாடியில் தட்டுமுட்டுச் சாமான்கள் குவிந்து கிடந்த தனிமையில், அழுக்கு விளக்கொளியில், இரவுகளைப் படிப்பில் கழித்தார். பதினோராம் நாள், தடியேந்திய பாரசீகர் கூட்டம் ஒன்று வந்து நின்றது. நீ யார் என்று கேட்டது. மாலைக்குள் வெளியேறு என்றது. நண்பர்கள் வீட்டிலும் இடமில்லை. பொதுப் பூங்காவில் அமர்ந்து, இரவு வண்டி வரும்வரை காத்திருந்து, பம்பாய்க்குத் திரும்பினார். பின்னாளில் அரசியல் சட்டத்தை வகுத்த குழுவுக்குத் தலைமை தாங்கிய அவர், 15-ஆம் பிரிவில் கடைகள், உணவு விடுதிகள், தங்கும் விடுதிகள் எவற்றிலும் சாதியால் எவரையும் தடுக்கலாகாது என்ற சொற்கள் இடம்பெற்றபோது, அந்தப் பூங்காவை நினைத்திருப்பாரா? நினைக்காமல் இருந்திருக்க முடியாது என்றே நாம் கருதுகிறோம்.

அச்சொற்கள் 1950-இல் வானத்திலிருந்து விழவில்லை. தமிழ் மண்ணில் அதற்கு முன்னரே நெடிய போர் நடந்தது. மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், பொதுச் சாலையும் கிணறும் கட்டடமும் தாழ்த்தப்பட்டோர்க்கும் உரியவை என்ற தீர்மானத்தை 1924-இல் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்தார். பொதுப்பணத்தில் கட்டிய கட்டடத்துக்குள் நுழைய ஒரு தீர்மானம் வேண்டியிருந்தது என்பதை எண்ணுக! சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்தில், காங்கிரசின் பணமும் தமிழர் பலரின் நன்கொடையும் சேர்ந்து எழுந்த நிறுவனத்தில், சிறுவர்க்குத் தனிப்பந்தி இருந்தது. அதனால் மூண்ட பூசல் ஆறுமுன்னரே, 1925 நவம்பரில் காங்கிரசு மாநாடு கூடியது, கூடிய இடம் நம் காஞ்சிபுரம், தலைமை திரு.வி.க. வகுப்புவாரி உரிமைத் தீர்மானம் தடுக்கப்பட, தந்தை பெரியார் அவ்வமைப்பை விட்டு வெளியேறினார். பந்தியில் தொடங்கியது, பந்தலை விட்டு வெளியேறுவதில் முடிந்தது. அவர் வெளியேறிய நகரின் ஒரு மூலையில்தான் ஓரிக்கையும் இருக்கிறது. ஆனால் நாட்டுக்கு நாள் குறித்த இந்த வெளியேற்றத்தைக் காஞ்சிக்கு வரும் பயணியிடம் எந்த வழிகாட்டி எடுத்துரைக்கிறார்?

1929-இல் செங்கற்பட்டில் முதல் சுயமரியாதை மாநாடு, டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனார் தலைமையில். அவர் இராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராக இருந்தபோது, ஆதித்திராவிடரை ஏற்ற மறுக்கும் பேருந்துகளின் உரிமம் பறிபோகும் என்று சுற்றறிக்கை விட்டவர். இருக்கை என்பது இரவுக்கு மட்டுமா? பகலில் பேருந்திலும் அது போராடித்தான் வந்தது. புகைவண்டி நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் 'பிராமணாள்', 'இதராள்' என்று தொங்கிய பலகைகள் 1941-இல் இறங்கின. ஆனால் நகரத்து உணவு விடுதிகளின் பெயர்ப் பலகைகளில் அச்சொல் ஒட்டிக்கொண்டே இருந்தது. 1957-இல், சென்னை திருவல்லிக்கேணி முரளி கபேயின் முன், திராவிடர் கழகத் தோழர்கள் மறியலைத் தொடங்கினர். மாதங்கள் ஓடின, நூற்றுக்கணக்கானோர் சிறை புகுந்தனர், மறுஆண்டில் அச்சொல் இறங்கிற்று. ஒரு சொல்லுக்காக இத்தனை பேரா என்று அன்று நகைத்தோர் உண்டு. அந்தச் சொல்லின் நிழலில் நின்று பசியோடு திரும்பியவன் நகைக்கவில்லை.

அதே 1957-இல்தான் செய்ப்பூர் மன்னர் தம் இராம்பாக் அரண்மனையை விடுதியாக்கினார். இந்தியாவில் அரண்மனை விடுதியாவதற்கு முன்னோடி அதுவே. 1963-இல் உதயப்பூர் ஏரி நடுவிலுள்ள மாளிகையும் விடுதியாயிற்று. 1971-இல் மன்னர் மானியம் ஒழிக்கப்பட்டபின், கோட்டைகளும் கொத்தளங்களும் வரிசையில் நின்றன. தெற்கே ஒருவன் காபி குடிக்கும் கடையில் சமமாக அமரச் சிறை சென்ற ஆண்டில், வடக்கே ஓர் அரசன் காசு கொடுப்போர் எவர்க்கும் தன் படுக்கையறையை வாடகைக்குத் திறந்தான். சாதியின் சாவியால் பூட்டப்பட்ட கதவைக் காசின் சாவி திறக்கிறது என்பதில் ஒருவகை முன்னேற்றம் இருக்கிறது, நாம் மறுக்கவில்லை. பிறப்பை மாற்ற முடியாது. காசைத் தேட முயலலாம். ஆனால் முயன்றும் கிடைக்காதவர் யார் என்று பார்த்தால், பெரும்பாலும் முன்பு திண்ணைக்கு வெளியே நின்றவரின் பேரப் பிள்ளைகளே.

இனித் தமிழகத்தில் இவ்வகை விடுதிகளுக்குத் தலைநகராக விளங்கும் செட்டிநாட்டுக்கு வருவோம். கானாடுகாத்தானிலும் கடியாபட்டியிலும் கோத்தமங்கலத்திலும் மாளிகைகள் விடுதிகளாகியுள்ளன. நாமும் அவ்வட்டாரத்தில் ஒரு மாளிகையில் ஓர் இரவு தங்கினோம், பெயர் வேண்டாம். முகப்பைக் கடந்தால் வளவு. வளவைச் சுற்றி, மணமான மகன் ஒவ்வொருவர்க்கும் ஒதுக்கிய அறைகள். அதைக் கடந்தால் பெண்டிரும் சமையலுமாக விளங்கிய இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு. ஒரு தெருவின் முன்வாயிலில் நின்றால், மறு தெருவின் பின்வாயில் ஒரே நேர்க்கோட்டில் தெரிகிறது. பர்மாத் தேக்குத் தூண்கள், இத்தாலியச் சலவைக்கல், சப்பானிய ஓடுகள், காலடியில் ஆத்தங்குடிக் கல்லின் குளிர்ச்சி. முட்டையின் வெண்கருவும் சுண்ணாம்பும் கடுக்காய்ச் சாறும் கூட்டிப் பூசிய சுவர், நூறாண்டு கழித்தும் கண்ணாடி போல் மின்னுகிறது. இதைக் காப்பாற்றியவர்களைப் பாராட்டாமல் இருப்பது நன்றி கொல்வதாகும். பங்காளிகள் பலருக்குப் பிரிந்துபோன வீடுகள், திருமணத்துக்கு மட்டும் திறந்து மூடப்பட்டு, கறையான் தின்று, கடைசியில் தூண் தூணாய், கதவு கதவாய் விலைக்குப் போயின. காரைக்குடியில் பழம்பொருள் விற்கும் தெருவில் ஒரு குடும்பத்தின் ஊஞ்சலும் மற்றொரு குடும்பத்தின் நிலைக்கதவும் விலைச்சீட்டோடு நிற்பதை நாமே கண்டோம். விடுதியானதால் சில வீடுகள் பிழைத்தன. சுண்ணாம்பு குழைக்கத் தெரிந்த கொத்தனார்க்கும், தேக்கில் இழைக்கத் தெரிந்த ஆசாரிக்கும், ஆத்தங்குடிக் கல் வார்ப்போர்க்கும் வேலை கிடைத்தது. வாழ்க!

மாலையில் ஓர் இளைஞர் எங்களை மாளிகை முழுதும் அழைத்துச் சென்று காட்டினார். பணிவுள்ள பிள்ளை. தூண் எந்த நாட்டிலிருந்து வந்தது, விளக்கு எந்த நாட்டிலிருந்து வந்தது, ஓடு எத்தனை இலட்சம் என்றெல்லாம் ஒப்புவித்தார். நாம் இரண்டு கேள்விகள் கேட்டோம். "தம்பி, இத்தனைக்கும் பணம் எங்கிருந்து வந்தது?" என்பது ஒன்று. "வாணிகத்திலிருந்து, ஐயா" என்றார். "இந்த ஊர்ச் சேரியில் இருந்தவர்கள் இவ்வீட்டுக்குள் எந்த இடம்வரை வரலாம்?" என்பது மற்றொன்று. அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அதெல்லாம் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை, ஐயா" என்றார். அவர்மீது குற்றம் இல்லை. சொல்லித் தராதவர் யார் என்பதே கேள்வி.

முதல் கேள்விக்கு விடையை நாம் சொல்லுவோம். தெற்குப் பர்மா 1852-இல் ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1869-இல் சூயசுக் கால்வாய் திறந்தது. ஐராவதி ஆற்றுக் கழிமுகம் உலகுக்கு அரிசி விளைக்கும் வயலாயிற்று. காடு திருத்திய பர்மிய உழவனுக்கு வெள்ளையர் வங்கி கடன் தரவில்லை, நகரத்தார் தந்தனர். கடல் கடந்து, கணக்கு வழுவாது, சொன்ன சொல் காத்து நடத்திய தொழில். அத்திறமையை நாம் குறைத்துப் பேசோம். 1930-இல் நெல் விளையும் முதன்மையான 13 மாவட்டங்களில் நூற்றுக்கு 6 பங்கு நிலம் அவர்கள் கையில் இருந்தது. உலகப் பொருளாதாரச் சரிவில் அரிசி விலை வீழ்ந்தது. உழவன் கடன் கட்ட முடியவில்லை. ஈடு வைத்த நிலம் மூழ்கியது. 1937-இல் நூற்றுக்கு 25 பங்கு! நிலம் வேண்டும் என்று அவர்கள் கடன் கொடுக்கவில்லை. கொடுத்த பணம் திரும்பாமல் நிலம் வந்தது. ஆனால் நிலம் இழந்த பர்மியனுக்கு இந்த வேறுபாட்டால் ஆறுதல் ஏது? பின் 1942-இல் சப்பானியப் படை புகுந்தது. பல்லாயிரம் இந்தியர் மலையும் காடும் கடந்து நடந்தனர். வழியில் மாண்டோர் பலர். விடுதலை பெற்ற பர்மா 1948-இல் நில நாட்டுடைமைச் சட்டம் கொணர்ந்தது. அதோடு அங்கிருந்து வந்த பணம் நின்றது. இங்கே வீடுகள் பாழ்பட்டன. சலவைக்கல் வந்த வழி மட்டும் சொல்லி, இவற்றை விட்டுவிட்டால், அது வரலாறாகுமா?

செட்டிநாட்டைப் பற்றி இன்னும் ஒன்று. கானாடுகாத்தானில் இன்று விடுதியாக விளங்கும் 'விசாலம்' என்னும் மாளிகை, ஒரு தந்தை தம் மகளுக்கென்று கட்டியது. வருவோர் அனைவரிடமும் இச்செய்தி பெருமையாகச் சொல்லப்படுகிறது, பெருமைக்குரியதே. ஆனால் மகளுக்கு ஒரு வீடு கட்டியது ஏன் இவ்வளவு பெரிய செய்தியாயிற்று? மகளுக்குச் சொத்தில் பங்கில்லாத சமுதாயத்தில் அது அரிய நிகழ்ச்சி என்பதால்தான். பெண்ணுக்கும் ஆணுக்கும் சொத்துரிமை சமம் என்று செங்கற்பட்டு மாநாடு 1929-இல் தீர்மானித்தது. தமிழ்நாட்டில் அது சட்டமானது 1989-இல். அறுபது ஆண்டு! அன்பால் ஒரு தந்தை ஒரு மகளுக்குத் தந்ததை, உரிமையாக எல்லா மகளிர்க்கும் தர ஒரு நாட்டுக்கு அறுபது ஆண்டு வேண்டியிருந்தது என்று அந்த மாளிகையின் கதையோடு சேர்த்துச் சொன்னால், கதைக்கு அழகு குறையுமா, கூடுமா?

அயல்நாட்டார் இதை எப்படிச் செய்கின்றனர் என்று பார்ப்பதில் தவறில்லை. ஸ்பெயின் நாடு 1928-இலிருந்தே பழைய கோட்டைகளையும் மடங்களையும் அரசு விடுதிகளாக்கி வருகிறது. லெயோன் நகரத்துச் சான் மார்க்கோசு அவற்றுள் பேர்பெற்றது. மடமாக எழுந்த கட்டடம். 17-ஆம் நூற்றாண்டில் கவிஞர் கெவேதோ அங்கே அடைத்து வைக்கப்பட்டார். 1936-இல் மூண்ட உள்நாட்டுப் போரில் ஆயிரக்கணக்கானோர் அங்கே கைதிகளாயினர். இன்று மெத்தை விரித்த விடுதி. மணிமேகலை சிறையை ஏழைக்குத் திறந்தாள். அவர்கள் சிறையைச் செல்வர்க்குத் திறந்தனர்.

இதற்கு நேர்மாறாக ஒரு விடுதி அமெரிக்காவில் இருக்கிறது. அந்நாட்டுக் கறுப்பர்க்கும் ஓர் இரவு இருக்கை எளிதாகக் கிடைத்ததில்லை. எந்த ஊரில் எந்த விடுதி தங்களை ஏற்கும் என்று அறிய, 1936-இலிருந்து ஒரு பச்சை அட்டைக் கையேட்டை எடுத்துக்கொண்டே அவர்கள் பயணம் போயினர்; விக்டர் கிரீன் என்ற நியூயார்க்குத் தபால்காரர் தொகுத்தது அது. 1964-இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. அட்லாண்டா நகர விடுதிக்காரர் ஒருவர், என் விடுதி, என் விருப்பம் என்று வழக்காடினார். அவ்வாண்டு இறுதியிலேயே உச்சநீதிமன்றம் அவ்வழக்கைத் தள்ளியது. மெம்பிசு நகரின் லொரேன் விடுதி, கறுப்பர்க்கு இடம் தந்த விடுதிகளுள் ஒன்று. 1968 ஏப்ரல் 4-இல் மார்ட்டின் லூதர் கிங் அதன் 306-ஆம் அறைக்கு வெளியே நின்றபோது சுடப்பட்டு மாண்டார். 1991-இல் அது குடியுரிமைப் போராட்ட அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. அறை 306 அன்றிருந்தவாறே இருக்கிறது. கலைந்த படுக்கை, மேசைமேல் கோப்பைகள். அங்கே எவரும் தங்க முடியாது. ஆனால் அங்கே சென்றவர் எவரும் அந்த இரவை மறக்கமாட்டார்.

நம் பழைய மாளிகைகள் அனைத்தையும் அருங்காட்சியகமாக்கச் சொல்லவில்லை நாம். தங்கட்டும், உண்ணட்டும், உறங்கட்டும். முகப்பில் தூணின் வயதை எழுதி வைக்கிறீர்களே, அதன் பக்கத்தில் நான்கு வரி கூடுதலாக எழுதக்கூடாதா என்பதே கேள்வி. இந்தத் திண்ணைக்கு மேல் இன்னின்னார் ஏறியதில்லை. இந்தப் பின்வாயில் வழியே தோட்டி மட்டும் வந்தார். இந்த மூன்றாம் கட்டில் கைம்பெண் ஒருத்தி தன் காலம் முழுதும் கழித்தாள். இன்ன சட்டத்துக்குப்பின் இக்கதவு அனைவர்க்கும் திறந்தது என்று நான்கு வரி. விருந்தாளிக்கு உறக்கம் கெடும் என்பீரேல், ஓர் இரவு கெடட்டுமே.

காஞ்சியில் பழுதுபார்த்துப் பேணப்படும் வீடு ஒன்று உண்டு. அறிஞர் அண்ணா வாழ்ந்த இல்லம். நெசவுக் குடியில் 1909-இல் பிறந்தவரின் வீடு எத்தகையதாக இருக்கும்? பளிங்குமில்லை, பர்மாத் தேக்குமில்லை. தெருவிலிருந்து பார்த்தால் பக்கத்து வீடுகளுள் ஒன்று. உள்ளே சென்று பார்க்க, யாரும் யாருடைய சாதியையும் கேட்பதில்லை.

அதைப் பார்த்துவிட்டு ஓரிக்கைக்குப் போனோம். ஓட்டு வீடு ஒன்று. ஒடுங்கிய முகப்பு, நீண்ட உடல். திண்ணை ஒருவர் படுக்கப் போதும். உள்ளே நுழைந்தவுடன் தறி. குழியில் காலிறக்கி அமர்ந்து, பெரியவர் ஒருவர் கோர்வைச் சேலை நெய்துகொண்டிருந்தார்; கரையின் நாடாவை மறுபக்கத்திலிருந்து தள்ளிக்கொடுக்கப் பேரன் அமர்ந்திருந்தான். பாவின் நீளமே கூடத்தின் நீளம். விருந்தினர் வந்தால் ஆண்கள் திண்ணையிலும் தெருவிலும் படுப்பர். பெண்கள் தறிக்கும் சுவருக்கும் இடைப்பட்ட இடத்தில். குழந்தைகள் இரவில் தவறி விழாதிருக்கக் குழியின்மேல் ஒரு பலகை போட்டு மூடுவார்களாம். வீட்டின் வயது கேட்டோம். அவருடைய பாட்டனார் கட்டியது என்றார். உத்திரம் பனை; கதவு பலா; ஓடு கைவேலை. இதைக் காப்பாற்ற எவரேனும் முன்வந்தனரா, இப்படியே வைத்துக்கொள்ளும் எண்ணம் உண்டா என்று கேட்டோம்.

நாடாவை நிறுத்தாமலே பெரியவர் சிரித்தார். "இடிச்சிட்டு மாடி எடுக்கணுங்க. பேரனுக்குக் கல்யாணம் ஆனா ஒரு ரூம் வேணுமே. தறி மட்டும் கீழேயே இருக்கணும். மாடியில எப்படிங்க குழி வெட்டுறது?"